திருகோணமலைச் சாம்பல்தீவில் 40க்கு 25 அடி தச்சுப்பட்டறை: கச்சான் வெயிலுக்கும் மாரி ஈரத்துக்கும் என்ன செய்யலாம்?

சாம்பல்தீவுத் தச்சன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வளவில் அப்பா முந்தி வள்ளம் திருத்திய கொட்டில் ஒன்று இருக்கிறது, நாலு பக்கமும் திறந்தது, மேலே பழைய அஸ்பெஸ்டஸ் சீற். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 40 அடி நீளம், 25 அடி அகலத்தில் ஒழுங்கான பட்டறை ஒன்று கட்டப் போகிறேன். கடற்கரை கிட்டத்தட்ட 300 மீற்றர் தூரம். இப்போது வீட்டு விறாந்தையிலும் மாமரத்தடியிலும் வைத்துத்தான் வேலை செய்கிறேன். 3 குதிரைவலு மேசை வாள் ஒன்று, 12 அங்குல இழைப்பு மெசின் ஒன்று, ஒரு சின்ன கடைசல் மெசின் இருக்கின்றன. பட்டறை வந்த பிறகு பட்டை வாளும் தூசி உறிஞ்சியும் வாங்குகிற எண்ணம்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன கார்த்திகையில் முதிரையில் ஒரு சாப்பாட்டு மேசை செய்தேன், 3 அடி அகலம், ஐந்து பலகை ஒட்டியது. நல்ல மழை நேரம். பலகையைத் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. மேசை கொழும்புக்குப் போனது, அங்கே முழுநாளும் ஏசி ஓடுகிற வீடு. பங்குனியில் மேசையை வாங்கிய அம்மா அழைத்து, இரவில் துவக்குச் சத்தம் மாதிரி கேட்டு எழும்பிப் பார்த்தால் மேசை நடுவில் பிளந்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். ஒட்டு விடவில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் மரமே பிளந்து, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைச் செருகலாம் போல இடைவெளி. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசையை ஏற்றிக்கொண்டு வந்தேன். இன்னும் விறாந்தையில்தான் சாத்தி வைத்திருக்கிறேன், கழற்ற மனம் வரவில்லை.

அதனால் என் கேள்வி இரண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கும்போது சீற் கூரைக்குக் கீழே மத்தியானம் நின்று வேலை செய்ய முடியாது, அதற்கு என்ன செய்யலாம்? ஐப்பசி தொடங்கித் தை வரை காற்றே ஈரம், வாள் மேசை ஒரு இரவில் செங்கல் நிறமாகிவிடுகிறது, மரமும் காய்வதில்லை, அதற்கு என்ன வழி? முழுக் கட்டடத்தையும் அடைத்து ஏசி போடுவது சரியா? வெளிநாட்டில் பட்டறைக்குள் சூடு போட்டு வைத்திருக்கிறார்களே, அது இங்கே உதவுமா? காசு ஓரளவு இருக்கிறது, ஆனால் ஒரு தடவைதான் செலவழிக்கலாம்.

—

கிண்ணியா ஓடாவி எழுதியது:

தம்பி, நான் 31 வருசமாகத் தச்சு வேலை செய்கிறேன், அதில் பாதி வள்ளம், பாதி கதவு ஜன்னல். உங்கள் மேசை பிளந்ததைப் படிக்க எனக்கே வயிறு எரிந்தது. அது உங்கள் கைப்பிழை இல்லை, மரத்தின் ஈரம். நம்மூரில் கார்த்திகை மார்கழியில் கூரைக்குக் கீழே கிடக்கிற எந்த மரமும் ஈரமானியில் 16, 17 வீதம் காட்டும். ஏசி வீட்டில் போய் இருந்தால் அது 10க்கு, சில இடத்தில் 9க்கு இறங்கும். 3 அடி அகலப் பலகை அத்தனை ஈரத்தை விட்டால் அரை அங்குலம் வரை சுருங்கும். கீழே சட்டத்தில் இறுக்கித் திருகியிருந்தீர்களா? அப்படி என்றால் மரம் சுருங்க இடமில்லாமல் வெடித்ததுதான். இனி மேல்பலகையைச் சட்டத்தில் பூட்டும்போது நீளத் துளை விட்டு, அல்லது சட்டத்துப் பள்ளத்துக்குள் நாக்கு நுழைகிற மரப் பொத்தான் வைத்துப் பூட்டுங்கள், அது நகரட்டும்.

கட்டடத்துக்கு வருகிறேன். மெசினுக்கு வைத்திருக்கிற காசில் ஒரு பங்கைக் கூரைக்கு மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் சொல். பட்டை வாள் அடுத்த வருசமும் வாங்கலாம், கூரையை இரண்டாம் தடவை போட முடியாது.

நீளப் பக்கத்தை கிழக்கு மேற்காகப் போடுங்கள். அப்போது காலை வெயிலும் பின்னேர வெயிலும் 25 அடிச் சின்னச் சுவரில்தான் விழும். அந்த மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம், கச்சான் அந்தப் பக்கத்திலிருந்துதான் நெருப்பாக வரும், மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். வடக்கிலும் தெற்கிலும் நல்ல அகல ஜன்னல், சுவர் உயரம் 12 அடிக்குக் குறையக் கூடாது. வெளிநீட்டு 4 அடி விடுங்கள். வாடைக் காற்றோடு சரிந்து அடிக்கிற மழையில் 2 அடி வெளிநீட்டு ஒன்றுக்கும் உதவாது, தண்ணீர் ஜன்னல் தாண்டி உள்ளே வரும். முகட்டில் ஒரு அடி அகலத்துக்கு இடைவெளி விட்டு அதன் மேல் சின்னக் குட்டிக் கூரை ஒன்று ஏற்றுங்கள், சூடு அதால் தானே வெளியேறும். பழைய நெல் மில்களில் பார்த்திருப்பீர்கள்.

சீற் எதுவாக இருந்தாலும் கடலுக்கு அவ்வளவு கிட்டவென்றால் திருகாணி கொக்கி எல்லாம் துருப்பிடிக்காததாக வாங்குங்கள். சாதாரணக் கொக்கி நாலைந்து வருசத்தில் தலை கழன்றுவிடும், சீற் அப்படியே இருக்கும், பிடிமானம் இருக்காது. 1964 மார்கழிப் புயலைப் பற்றி எங்கள் வாப்பா சொல்லாத நாள் இல்லை. 2020இல் புரெவிப் புயல் வந்தது குச்சவெளிப் பக்கத்தால், நமக்கு வடக்கேதான். கூரையைத் தாங்குகிற தீராந்தி மரத்தைச் சுவரின் மேல் சும்மா வைக்க வேண்டாம், கொங்கிறீற் கட்டுக்குள் போல்ட் புதைத்து இறுக்குங்கள், கூரைச் சரிவில் போகிற ஒவ்வொரு கைமரத்தையும் தீராந்தியோடு இரும்புப் பட்டியால் கட்டுங்கள்.

பழைய அஸ்பெஸ்டஸைக் கழற்றும்போது உடைக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தண்ணீர் அடித்து நனைத்து, முழுச் சீற்றாக இறக்குங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

—

சாம்பல்தீவுத் தச்சன் எழுதியது:

நன்றி நானா. ஆமாம், சட்டத்தில் எட்டு இடத்தில் இறுக்கித் திருகியிருந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முகட்டு இடைவெளி நல்ல யோசனை, மேசனிடம் இன்றைக்கே சொல்கிறேன். ஆனால் அவ்வளவு திறந்து வைத்தால் மாரியில் ஈரம் முழுக்க உள்ளேதானே வரும்? அந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம்.

—

ஸ்கார்பரோவில் உப்புவெளியான் எழுதியது:

தம்பி, நான் உப்புவெளிப் பிள்ளை, இப்போது 19 வருசமாக ரொறன்ரோப் பக்கம். வீட்டோடு 24க்கு 24 அடி கராஜ் இருக்கிறது, அதைத்தான் தச்சுப்பட்டறை ஆக்கினேன். நீங்கள் சூடு போடுவதைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதில் இரண்டு குளிர்காலம் பிழையாகச் செய்து படித்தவன்.

இங்கே தை மாதத்தில் வெளியே மைனஸ் 15 பாகை போகும். பசைப் போத்தல் உறைந்தால் பிறகு அந்தப் பசை வேலைக்கு ஆகாது. முதல் வருசம் சுவருக்கு ஒன்றும் செய்யாமல் ஒரு புரொப்பேன் அடுப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். முகம் வெந்தது, கால் விறைத்தது. அதைவிட மோசம், அடுத்த நாள் பார்த்தால் ஜன்னலில் தண்ணீர் ஒழுகுகிறது, வாள் மேசை முழுக்கத் துரு. புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அதே அறைக்குள் வரும். மண்ணெண்ணெய் அடுப்பும் அப்படித்தான், ஒரு லீற்றர் எரித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். புகைக்குழாய் இல்லாத அடுப்பை அடைத்த பட்டறைக்குள் வைத்தால் காபன் மொனொக்சைட் வேறு, மரத்தூசிக்குப் பக்கத்தில் திறந்த நெருப்பு வேறு. இது இங்கேயும் பிழை, திருகோணமலையிலும் பிழை.

இரண்டாம் வருசம் 5 கிலோவாட் மின்சூடேற்றி போட்டேன், பில் வந்ததும் நிறுத்தினேன். மூன்றாம் வருசம்தான் புத்தி வந்தது. சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு, கூரைக்கு மேலே இன்னும் தடிப்பாக, கராஜ் கதவைச் சுற்றி ரப்பர், சூடான பக்கத்தில் பொலித்தீன். அதற்குப் பிறகு அதே சூடேற்றி நாளில் பாதி நேரம் நின்றே கிடக்கிறது. வேலை இல்லாத நாளில் 10 பாகை, வேலை நாளில் 17, அவ்வளவு போதும்.

இப்போது உங்கள் விசயம். அங்கே ஆளுக்குச் சூடு தேவையில்லை, மரத்துக்குத்தான் தேவை. 1000 சதுர அடியையும் அடைத்து ஏசி போடுவதை விடுங்கள். கதவு திறந்து பலகை ஏற்றி இறக்குகிற இடம் அது, ஒரு மணித்தியாலத்தில் வெளிக்காற்று முழுக்க உள்ளே வந்துவிடும். பட்டறையின் கிழக்கு மூலையில் 10க்கு 8 அடியில், 8 அடி உயரத்தில் ஒரு அறையை அடையுங்கள். சுவருக்கும் மேலுக்கும் 2 அங்குல றெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை), உள்பக்கம் பொலித்தீன், அதற்கு மேல் பிளைவுட், கதவைச் சுற்றி ரப்பர். நான் கணக்குப் பார்த்தேன், அந்த அறையை வெளியைவிட 5, 6 பாகை சூடாக வைக்க 300 வாட்டுக்குள் போதும், பெரிய கூரை விசிறி மூன்று ஓடுகிற அளவுக்குக் கொஞ்சம் மேல்.

ஐந்து பாகையில் என்ன நடக்கும் என்று கேட்கலாம். வெளியே 26 பாகையும் 80 வீத ஈரப்பதமும் இருக்கும்போது அதே காற்றை 31 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60 வீதத்துக்கு இறங்கும். தண்ணீர் எங்கேயும் போகவில்லை, சூடான காற்று கூடுதலாகப் பிடித்து வைக்கும், அதுதான் காரணம். 80 வீதக் காற்றில் மரம் 16 வீத ஈரத்தில் நிற்கும், 60 வீதக் காற்றில் 11 வீதத்துக்கு வரும். உங்கள் கொழும்பு மேசைக்குத் தேவைப்பட்டது அந்த ஐந்து வீதம்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், மரம் விடுகிற ஈரம் வெளியே போக வழி வேண்டும். கீழே ஒரு சின்னத் துளை, மேலே ஒரு துளை, மூடித் திறக்கக்கூடியதாக. இல்லாவிட்டால் ஈரம் உறிஞ்சி மெசின் ஒன்றை உள்ளே வையுங்கள், அது ஓடும்போது வருகிற சூடே பாதி வேலையைச் செய்யும். குண்டு பல்பு போடுவார்கள், போட வேண்டாம், தூசி படிந்தால் பயம். சிவந்த கம்பி வெளியே தெரியாத எண்ணெய்ச் சூடேற்றி ஒன்று, குறைந்த அளவில், தெர்மோஸ்டாற்றோடு. சின்ன விசிறி ஒன்று பலகை அடுக்குக்கு நடுவால் காற்றைத் தள்ளட்டும்.

—

கிண்ணியா ஓடாவி எழுதியது:

உப்புவெளித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மாரிக்கு ஒரு வழியும் சொல்லாமல் விட்டதற்கு இது பதில். திறந்த பட்டறை, மூடிய மரஅறை, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

கோடையில் அந்தச் சூடேற்றியையும் நிறுத்திவிடலாம். நான் கிண்ணியாவில் செய்வது, கம்புச் சட்டம் அடித்துத் தெளிந்த பொலித்தீன் போர்த்த ஒரு குடில், உள்ளே கறுப்புப் பூசிய தகரம், பலகையின் மேல் வெயில் நேராகப் படாமல் ஒரு மறைப்பு. ஆனி ஆடியில் மத்தியானம் உள்ளே கையை விட்டால் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீருக்குள் விட்ட மாதிரி இருக்கும். ஒரு அங்குலப் பலகை நிழலில் சும்மா காய ஒரு வருசம் என்பது பழைய கணக்கு, குடிலில் சில கிழமையில் முடியும். ஆனால் பச்சை மரத்தை நேரே குடிலுக்குள் போட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து நுனி வெடிக்கும். முதலில் இரண்டு மூன்று மாதம் நிழலில், பலகைகளுக்கு நடுவில் மெல்லிய சட்டம் வைத்து அடுக்குங்கள், நுனிகளுக்குப் பெயின்ற் அடியுங்கள்.

பாலை, முதிரை இரண்டும் மெதுவாகத்தான் காயும், அவசரப்படுத்தக் கூடாது. சாவண்டலை கிடைத்தால் விடாதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்து ஏற்றுமதி செய்தார்கள், சென்னைக் கரையில் அலை வெட்டுகிற படகுகளுக்கெல்லாம் போனது நம்முடைய மரம்தான். வளையும், உடையாது. வாங்கும்போது அனுமதிப் பத்திரத்தோடு வாங்குங்கள், பத்திரம் இல்லாத மரத்தை லொறியில் ஏற்றினால் வழியில் மறிப்பார்கள்.

—

உவர்மலை வயர்மன் எழுதியது:

தம்பி வீட்டிலிருந்து பட்டறைக்கு எத்தனை அடி வயர் ஓட வேண்டும்? 150 அடி என்று வைத்துச் சொல்கிறேன். 3 குதிரைவலு மோட்டார் ஓடும்போது 15 அம்பியர் எடுக்கும், தொடங்கும்போது அதைப் போல ஆறு மடங்கு, சில விநாடிக்குத்தான். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் ஓடும்போது 12 வோல்ற் போகும், அது பரவாயில்லை என்று பலரும் விட்டுவிடுவார்கள். தொடங்கும் நேரத்தில் 70 வோல்ற்றுக்கு மேல் போய்விடும், மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும், கப்பாசிற்றர் போகும், கடைசியில் சுருளும் கருகும். அதே இடத்தில் 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் தொடங்கும்போதே 18, 19 வோல்ற்றுக்குள்தான் விழும். வயர் விலை கூட, ஆனால் மோட்டார் திரும்பக் கட்டுகிற காசைப் பார்த்தால் கூட இல்லை.

இப்போது வீட்டில் ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் தானே? வாளும் தூசி உறிஞ்சியும் சேர்ந்து ஓடலாம், அதோடு வீட்டில் யாராவது அயன்பொக்ஸ் போட்டால் பிரேக்கர் விழும். பட்டை வாளும் பெரிய இழைப்பு மெசினும் வருகிற எண்ணம் இருந்தால் மூன்று கட்ட இணைப்புக்கு இப்போதே மின்சார அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கட்டடம் முடிந்த பிறகு கேட்டால் கொங்கிறீற் வெட்ட வேண்டி வரும். பட்டறைக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானாக நிறுத்துவது), 30 மில்லி அம்பியர். சாம்பல்தீவு மணலில் கோடைக்கு எர்த் பிடிக்காது, ஒரு கம்பியோடு விடாமல் இரண்டு மூன்றை இடைவெளி விட்டு ஆழமாக அடித்து ஒன்றாக இணையுங்கள், கச்சான் நேரத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும், மழை நாளில் அளந்தால் நல்லதாகத்தான் காட்டும்.

—

லிங்கநகர் அக்கா எழுதியது:

நான் பிள்ளைகளுக்கு மர விளையாட்டுப் பொருள் செய்கிறேன், சின்ன இடம்தான், ஆனால் தூசியைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். தம்பி, உறிஞ்சியைப் பிறகு வாங்கலாம் என்று வைக்க வேண்டாம். பட்டை வாளைத்தான் பிற்போடுங்கள். மரத்தூசி புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமே முதலாம் பிரிவில் போட்டிருக்கிறது. முதிரைத் தூசி எனக்கு ஒரே நாளில் கை முழுக்கத் தடித்துச் சிவந்தது, இரவில் மூச்சும் இழுத்தது, அதற்குப் பிறகு முகமூடி இல்லாமல் அந்த மரத்தைத் தொடுவதில்லை. உறிஞ்சியைச் சுவருக்கு வெளியே ஒரு சின்னக் கூண்டில் வைத்தால் உள்ளே சத்தமும் குறையும், நுண்தூசியும் உள்ளே திரும்பி வராது.

கூரைக்கு ஒன்று. பளபளக்கிற அலுமினியத் தாளைச் சீற்றோடு ஒட்டி விரித்துவிடுவார்கள், அப்படி விரித்தால் பயனில்லை. தாளுக்கும் சீற்றுக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும், பளபளப்பு அந்த வெளியைப் பார்த்தபடி. எங்கள் கூரையில் சீற்றைத் தாங்குகிற சலாகைக்குக் கீழே கொஞ்சம் தொய்ய விட்டு அடித்தோம். மேலே வெள்ளைப் பூச்சு. மத்தியானம் 2 மணிக்கு முன்பெல்லாம் உச்சந்தலை கொதிக்கும், இப்போது விசிறியோடு நின்று வேலை செய்கிறேன்.

நிலத்துக்குக் கொங்கிறீற் போட முன்னர் கறையான் மருந்து அடித்து, அதன் மேல் தடித்த பொலித்தீன் விரித்துவிட்டுப் போடுங்கள். பொலித்தீன் இல்லாவிட்டால் மாரியில் நிலம் வியர்க்கும், அடியில் வைத்த பலகை எல்லாம் பூஞ்சணம். 4 அங்குலத் தடிப்பு என்றால் உங்கள் அளவுக்குக் கலந்த கொங்கிறீற் மூன்றேகால் கியூப்புக்குக் (ஒரு கியூப் 100 கன அடி) கொஞ்சம் மேலே வரும், மேசன் ஐந்து என்று சொன்னால் கேள்வி கேளுங்கள்.

—

சாம்பல்தீவுத் தச்சன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, மேசன் ஐந்து என்றுதான் சொல்லியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன், மெசின் வைக்கிற இடத்தில் 6 அங்குலம் போடுகிற கணக்கையும் சேர்த்தாராம், அப்படியும் நாலுக்கு மேல் வராது, நாளை இருந்து பேசப் போகிறோம்.

நான் எடுத்த முடிவை எழுதுகிறேன், பிழை தெரிந்தால் சொல்லுங்கள். பட்டை வாள் இப்போதைக்கு இல்லை. அந்தக் காசு துருப்பிடிக்காத கொக்கிக்கும் முகட்டுக் குட்டிக் கூரைக்கும் தாளுக்கும் 10 சதுர மில்லிமீற்றர் வயருக்கும் போகிறது, தூரம் 140 அடி வருகிறது அண்ணா. தூசி உறிஞ்சி வடக்குச் சுவருக்கு வெளியே. வடகிழக்கு மூலையில் மரஅறை, 10க்கு 8, கதவை மட்டும் 9 அடிப் பலகை சரிவாகப் போகிற மாதிரி அகலமாக வைக்கிறேன். வாள் மேசைக்கு இப்போதைக்கு மெழுகு பூசி, மேலே பழைய கம்பளி போர்த்தி வைக்கிறேன்.

விறாந்தையில் நிற்கிற மேசையை இன்று காலை சட்டத்திலிருந்து கழற்றினேன். ஈரமானி வைத்துப் பார்த்தேன், 13 காட்டுகிறது, விறாந்தையில் நின்று திரும்ப ஈரம் ஏறியிருக்கிறது, வெடிப்பும் பாதி மூடிவிட்டது. மரஅறை முடிந்ததும் முதலில் உள்ளே போவது அந்தப் பலகைதான். 10க்கு வந்த பிறகு வெடித்த வரியோடு வாளால் கிழித்து, திரும்ப ஒட்டி, நானா சொன்ன மரப் பொத்தானில் பூட்டப் போகிறேன். அந்த அம்மாவிடம் கேட்டேன், செய்து முடித்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு கேள்வி பாக்கி, நானா: மரப் பொத்தானுக்கு முதிரையே போடலாமா, இல்லை சாவண்டலைத் துண்டு தேடவா?

—

கிண்ணியா ஓடாவி எழுதியது:

முதிரையே போதும், ஆனால் நார் பொத்தானின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் நாக்கு முறியும். நாக்குக்கும் சட்டத்துப் பள்ளத்துக்கும் நடுவில் கால் அங்குலம் விடுங்கள். சாவண்டலைத் துண்டு என்னிடம் கிடக்கிறது, கிண்ணியாப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், சுத்தியல் பிடிக்கு நல்லது.